கப்பல்வரி மறுத்தாரும் கழிமுகம் காப்பாரும்

தமிழ்நிலத்தின் வடகீழ்க் கோடியில், கடல் ஒருபுறமும் கழி மறுபுறமும் நெருக்க, நடுவே கயிறு கிடந்தாற்போல் நீண்டு கிடக்கும் மணல்திட்டிலும் அதனையடுத்த கரைகளிலும் பழவேற்காட்டு மீனவர் குப்பங்கள் அமைந்துள்ளன. கழியின் பெரும்பகுதி இன்று ஆந்திர மாநிலத்தின்பாற் பட்டுவிட்டது. தென்முனையும், கழி கடலொடு கலக்கும் தென்வாயும் தமிழகத்தின் திருவள்ளூர் மாவட்டத்துள் அடங்கும். அக்குப்பங்களின் வாழ்வைப் பற்றிப் பேசப் புகும் இடத்தில், முந்நூற்றெண்பது ஆண்டுகளுக்கு முன்னர் இலண்டன் மாநகரில் முழங்கிய ஆங்கில நாடாளுமன்றத்தார் ஒருவருக்கு என்ன வேலை என்று வினவுவார் இருக்கலாம். வேலை உண்டு, அதுவும் பெரிய வேலை உண்டு.

1640 ஆம் ஆண்டை எடுத்துக்கொள்க. அவ்வாண்டு பிப்பிரவரித் திங்களில், பழவேற்காட்டுக் கழிக்கு வடக்கே துர்க்கராயப்பட்டினத்தில் பண்டகசாலை வைத்திருந்த ஆங்கில வணிகர், அதனைக் கைவிட்டுக் கப்பலேறித் தெற்கே வந்து, சென்னைக் கடற்கரையில் இறங்கிக் கோட்டை கட்டத் தொடங்கினர். பிரான்சிசு தே, ஆண்ட்ரூ கோகன் என்பார் அவர்க்குத் தலைவர். அதே ஆண்டு ஏப்பிரல் 17 ஆம் நாள், அவ்வணிகரின் தாய்நாட்டு நாடாளுமன்றத்தில் சான் பிம் என்பார் எழுந்து ஏறத்தாழ இரண்டு மணிநேரம் பேசினார். குடிகளின் ஒப்புதலின்றி அரசன் வரி தண்டலாகாது, மன்றத்தில் பேசிய பேச்சுக்காக ஒருவனைச் சிறையிலிடலாகாது, மக்கள் பொருள்மேல் அரசனுக்குத் தன் விருப்பப்படி கைவைக்கும் உரிமை இல்லை என்பனவே அப்பேச்சின் சாறு. ஒரே இனத்தார், ஒரே ஆண்டு. தம் நாட்டில் உரிமை பேசினர்; பிறர் நாட்டில் கோட்டை கட்டினர். இவ்விரண்டையும் ஒருசேர வைத்துப் பார்த்தாலன்றி வரலாறு விளங்காது.

சான் பிம் 1584 இல் சாமர்செட்டு என்னும் பகுதியில் பிறந்தவர். 1620களின் தொடக்கமுதல் நாடாளுமன்றத்தில் இருந்தவர். 1628 ஆம் ஆண்டின் உரிமை வேண்டுகோளுக்காக உழைத்தோருள் ஒருவர். மேடையிற் கொந்தளிப்பவர் அல்லர். குறைகளை ஒன்றன்பின் ஒன்றாக எண்ணி, வகைப்படுத்தி, சான்று காட்டி, எதிர்ப்போன் வாயடைக்கும்படி அடுக்கிச் சொல்லும் ஆற்றலர். 1629 முதல் பதினோராண்டுகள் முதலாம் சார்லசு மன்னன் நாடாளுமன்றத்தையே கூட்டாமல் ஆண்டான். கூட்டாத மன்றத்தில் பேச இயலாதன்றோ? அப் பதினோராண்டுக் குறைகளைத்தாம் பிம் அன்று ஒரே மூச்சில் எடுத்து மன்றத்தின்முன் கொட்டினார். மூன்று வாரத்திற்குள், மே 5 ஆம் நாள், மன்னன் அம்மன்றத்தைக் கலைத்துவிட்டான். பேச்சைக் கலைக்க அவனால் இயலவில்லை.

அக்குறைகளுள் தலையாயது கப்பல்வரி. இதனைப் பழவேற்காட்டு மீனவர் எளிதில் விளங்கிக்கொள்வர். போர்க்காலத்தில் கடற்கரை ஊர்கள் அரசனுக்குக் கப்பல் தரவேண்டும், அல்லது அதற்கீடான பணம் தரவேண்டும் என்பது ஆங்கிலநாட்டுப் பழவழக்கு. 1634 இல் போரே இல்லாதபோது சார்லசு அவ்வரியைக் கடற்கரை ஊர்களிடம் கேட்டான். மறு ஆண்டே கடலைக் கண்ணாலும் காணாத உள்நாட்டு மாவட்டங்களுக்கும் அதனை விரித்தான். நாட்டுக்கு இடர் சூழ்ந்துள்ளது, ஆகவே பணம் வேண்டும் என்றான். இடர் எங்கே என்று கேட்டார்க்கு, இடர் உண்டா இல்லையா என்று முடிவு செய்யும் உரிமை அரசன் ஒருவனுக்கே என்று விடை வந்தது. பக்கிங்காம் மாவட்டத்துச் சான் ஆம்டன் என்னும் பெருநிலத்தார், தம் நிலம் ஒன்றின்மேல் விதித்த 20 சில்லிங்கு வரியைக் கட்ட மறுத்தார். இருபது சில்லிங்கு அவருக்குக் காற்பங்குக் காசும் அன்று, ஆயினும் மறுத்தார். வழக்கு 1637 இல் பன்னிரண்டு முறையோர்முன் சென்றது. 1638 இல் எழுவர் அரசன்பக்கமும் ஐவர் ஆம்டன்பக்கமும் நின்றனர். ஆம்டன் தோற்றார்; ஆனால் ஐவர் தம் பக்கம் நின்றனர் என்ற செய்தி நாடெங்கும் பரவ, வரி தண்டுவார்க்குக் கதவுகள் அடைபட்டன. 1641 இல் நாடாளுமன்றம் கப்பல்வரியையே முறையற்றது என்று ஒழித்தது.

'நாட்டின் இடரை அறிபவன் யான் ஒருவனே' என்று அன்று அரசன் சொன்னான். 'நாட்டின் வளர்ச்சியை அறிபவர் யாமே' என்று இற்றை அரசுகள் சொல்கின்றன. இரண்டு சொல்லுக்கும் இடையே எத்துணை வேறுபாடு என்பதைக் குப்பத்து மீனவரே சொல்லட்டும்.

பிம்மின் வெற்றி வாய்ச்சொல்லின் வெற்றி மட்டும் அன்று, அச்சின் வெற்றி. மன்றத்துப் பேச்சை வெளியிடுவது அந்நாளில் குற்றம். எனினும் எழுதுவோர் கையால் படியெடுத்துக் கமுக்கமாக விற்றனர். 1641 சூலைத் திங்களில் அச்சகங்களை நடுங்கவைத்திருந்த விண்மீன் மன்றம் என்னும் கொடுமன்றம் ஒழிக்கப்பட்டதும், அணையுடைந்த வெள்ளம்போல் சிறுநூல்கள் தெருவில் பாய்ந்தன. நான்காண்டுகளுக்கு முன்னர், 1637 இல், அம்மன்றமே வில்லியம் பிரின் என்பாரின் காதறுத்துக் கன்னத்தில் சூடிட்டது. நூல் எழுதியதே அவர் செய்த குற்றம். அத்தகைய நாட்டில், பிம்மின் பேச்சு 1641 இல் அச்சேறிச் சிறுநூலாயிற்று. இலண்டன் நூல்வணிகர் சியார்ச்சு தாமசன் என்பார் 1640 முதல் 1661 வரை வெளிவந்தவற்றைத் திரட்டி வைத்தார். அத்திரட்டில் ஏறத்தாழ 22,000 வெளியீடுகள் உள்ளன. இன்றும் பிரித்தானிய நூலகத்தில் அவற்றைக் காணலாம். தச்சனும் கொல்லனும் தோணிக்காரனும் கைக்கு எட்டிய விலையில் வாங்கி, எழுத்தறிந்தான் ஒருவன் படிக்கப் பலர் சூழ்ந்து கேட்ட தாள்கள் அவை.

எம்மொழியில்? இங்குத்தான் தமிழர் ஊன்றி நோக்குதல் வேண்டும். கற்றறிந்தார் மொழி அன்று இலத்தீன். சட்டத்தின் மொழி சிதைந்த பிரெஞ்சு. பிம்மும் அவர் தோழரும் மக்களிடம் சென்றது ஆங்கிலத்தில். 1641 நவம்பர் 22 ஆம் நாள், அரசனின் குறைகளை இருநூற்றுக்கும் மேற்பட்ட கூறுகளாக எண்ணிக்காட்டும் பெருமுறையீடு 159க்கு 148 என்னும் வாக்கு மிகுதியில் நிறைவேறியது. அதனினும் பெரிய சண்டை, அதனை அச்சிடலாமா என்பதில் எழுந்தது. அரசனிடம் மேல்நோக்கி முறையிடுவதுதானே முறை, கீழ்நோக்கி மக்களிடம் கதை சொல்வதா என்னும் கருத்துப்படத் தெரிங்கு என்னும் உறுப்பினர் வெகுண்டார். ஆம், கீழ்நோக்கித்தான் சொன்னார்கள்! மறுதிங்களே அது அச்சேறியது. அடுத்த சனவரி 4 ஆம் நாள் பிம், ஆம்டன் உள்ளிட்ட ஐவரைச் சிறைபிடிக்க மன்னனே படையொடு மன்றத்துள் நுழைந்தபோது, ஐவரும் ஆற்றுவழியே தோணியேறிச் சென்றுவிட்டனர். இலண்டன் மக்கள் அவர்களைக் காத்தனர். தாளில் படித்தறிந்த மக்களே அவ்வாறு காக்க வல்லவர்.

சட்டத்தின் மொழி பற்றிய செய்தி இன்னும் சுவையுடையது. வழக்குகளை ஆங்கிலத்தில் பேசலாம் என்று 1362 லேயே ஒரு சட்டம் வந்தது. அச்சட்டத்தையே பிரெஞ்சில்தான் எழுதினார்கள்! அடிமைத்தனம் எத்துணை ஆழமாக வேரோடும் என்பதற்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டுக் கிடைக்காது. பிம் 1643 இல் மறைந்தார். அவர் வழிவந்த மன்றம் 1650 நவம்பர் 22 ஆம் நாள், சட்டநூல்களும் வழக்குமன்ற நடவடிக்கைகளும் ஆங்கிலத்திலேயே இருத்தல் வேண்டும் என்று சட்டம் செய்தது. 1660 இல் முடியாட்சி மீண்டதும் அது கைவிடப்பட்டது. 1731 இல் மீண்டும் சட்டமாக்கி, 1733 முதல் நடைமுறைக்குக் கொணர்ந்தனர். அப்போதும் எதிர்ப்புக் கிளம்பாமல் இல்லை. சட்டத்தின் நுண்மை ஆங்கிலத்தில் அடங்காது, அச்சொற்கள் பிரெஞ்சிலும் இலத்தீனிலும்தாம் உள்ளன என்று வழக்குரைஞர் சிலர் மூக்கால் அழுதனர். இன்று தமிழ்நாட்டில் 'சட்டத்தைத் தமிழில் சொல்ல முடியுமா?' என்று கேட்பவர், அன்று ஆங்கிலத்தைப் பற்றி ஆங்கிலரே கேட்ட கேள்வியைத்தான் எடுத்து உமிழ்கின்றனர்.

இத்துணையும் அறிந்த பின்னரும் தமிழகத்தின் நிலை என்ன? இராசத்தானத்து உயர்முறைமன்றத்தில் 1950 முதலும், உத்தரப்பிரதேசத்தில் 1969 முதலும், மத்தியப்பிரதேசத்தில் 1971 முதலும், பீகாரில் 1972 முதலும் இந்திக்கு இடமளிக்கப்பட்டது. சென்னை உயர்முறைமன்றத்தில் தமிழுக்கு இடம் வேண்டும் என்று தமிழகச் சட்டமன்றம் 2006 திசம்பரில் தீர்மானம் நிறைவேற்றி அனுப்பியது. 2012 இல் உச்சமுறைமன்ற முறையோர் கூடி அவ்வேண்டுகோளை ஏற்கவில்லை. இந்திக்கு எளிதாகத் திறந்த கதவு தமிழுக்குத் திறக்கவில்லை. ஆங்கிலன் பிரெஞ்சின் பிடியிலிருந்து தன் சட்டத்தை மீட்டு மூன்று நூற்றாண்டு ஆகப்போகின்றது. அவன் விட்டுச்சென்ற ஆங்கிலத்தின் பிடியில் தமிழன் வழக்கு இன்னும் கிடக்கின்றது.

ஆங்கில உரிமைப் போராளிகளைத் தலையில் தூக்கிவைத்து ஆடுதல் தமிழர்க்கு வேண்டா. பிம்மின் மறுபக்கம் ஒன்று உண்டு. 1630 இல் தோன்றிய பிராவிடென்சுத் தீவுக் குழுமம் என்னும் வணிகக் குழுமத்திற்குப் பொருளாளராக இருந்தவர் அவர். கரிபியக் கடலில் உள்ள அத்தீவில் கறுப்பின மக்களை அடிமைகளாக்கி உழைப்பித்தனர். 1641 இல் இசுப்பானியர் அதனைக் கைப்பற்றினர். தம் நாட்டான் ஒருவனின் இருபது சில்லிங்குக்காக நாட்டையே எழுப்பிய நெஞ்சங்கள், அத்தீவின் அடிமைகட்காக ஒரு துண்டுத்தாள் அச்சிட்டதில்லை. மன்னனின் முறையற்ற வரியைச் சாடிய பிம்மே 1643 இல் போர்ச்செலவுக்கென்று மக்கள் குடிக்கும் பொருள்மேல் தீர்வை கொண்டுவந்தார். அச்சுரிமையால் வளர்ந்த மன்றமே அவ்வாண்டு சூனில் அச்சுக்கு இசைவுமுறை விதித்தது. அதிகாரம் கைக்கு வந்ததும் கை எவ்வாறு மாறும் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

அடிமை வாணிகத்தைச் சொல்லும்போது பழவேற்காட்டை மறத்தல் ஒல்லாது. ஒல்லாந்தர் 1613 இல் இங்குக் கெல்திரியா என்னும் கோட்டையை எழுப்பினர். சோழமண்டலக் கரைக்கே அது தலைமையிடமாயிற்று; 1690 அளவில் தலைமை நாகப்பட்டினத்திற்கு மாறும்வரை அவ்வாறே இருந்தது. துணியும் வெடிமருந்தும் இங்கிருந்து சென்றன. மாந்தரும் சென்றனர். பஞ்சத்தாலும் போராலும் நிலைகெட்ட தமிழ்நிலத்து ஏழைகள் ஆயிரக்கணக்கில் விலைக்கு வாங்கப்பட்டுப் பத்தாவியாவிற்குக் கப்பலேற்றப்பட்டனர். அவ்வாறு ஏற்றியவர் ஒல்லாந்தர். பிடித்து விற்றோருள் இந்நிலத்துத் தரகரும் இருந்தனர் என்பதை மறைத்தல் வாய்மையாகாது. பழவேற்காட்டில் ஒல்லாந்தர் இடுகாடு இன்றும் உள்ளது. வாயிலில் எலும்புக்கூடு செதுக்கிய கல்லும், உள்ளே பெயர்பொறித்த அழகிய கற்களும் காப்புறுதியொடு நிற்கின்றன. ஏற்றுமதியான தமிழருக்கு ஒரு கல்லும் இல்லை.

ஆங்கிலரும் ஒல்லாந்தரோடு செய்துகொண்ட உடன்படிக்கையின்படி 1621 இல் பழவேற்காட்டுக்கு வந்து, அவரொடு ஒத்துப்போக இயலாமல் இரண்டாண்டில் வெளியேறினர். 1626 இல் துர்க்கராயப்பட்டினம். 1640 இல் சென்னை. பழவேற்காட்டில் இடம் கிடைத்திருந்தால் அவர்கள் சென்னைக்கு வந்திருப்பரோ என்பது ஐயம். பின்னர்ப் பலமுறை கைமாறி, 1824 உடன்படிக்கையால் பழவேற்காடு முற்றாக ஆங்கிலர்பாற் சேர்ந்தது. கோட்டை இடிந்தது, வணிகர் அகன்றனர். மீனவர் மட்டுமே அன்றும் இருந்தனர், இன்றும் உள்ளனர்.

ஒப்புதலின்றி வரியில்லை என்பதை இலண்டனில் கற்றுத்தான் தமிழன் அறியவேண்டும் என்று எண்ணுவார், கோட்டைக்குப்பத்துக்கும் ஆண்டிக்குப்பத்துக்கும் நடூர்மாதாகுப்பத்துக்கும் போய்ப் பார்க்கட்டும். மீனவக் குப்பத்தில் தலைக்கட்டு என்பது ஒரு குடும்பத்தின் பெயர். ஊர்ப்பொதுச் செலவுக்குத் தலைக்கட்டுக்கு இவ்வளவு வரி என்பதை ஊர்கூடி முடிவு செய்வர். கோயில் திருவிழாவும் வழக்கின் செலவும் கடலில் இறந்தான் குடும்பத்துக்கு உதவியும் அப்பொதுப்பணத்தில் அடங்கும். கணக்கை ஊர்முன் வைக்கவேண்டும். கழியில் வலைகட்டும் முறைக்குப் 'பாடு' என்று பெயர். மீன்வளம் மிக்க இடங்கள் சில; வலைஞர் பலர். வலுத்தவன் நல்ல இடத்தைப் பிடித்துக்கொண்டால் எளியவன் பட்டினி. ஆதலால் சீட்டுப்போட்டு, இன்னார்க்கு இன்ன நாளில் இன்ன இடம் என்று முறைவைப்பர். இன்று நல்ல இடம் பெற்றவன் நாளை மெலிந்த இடத்துக்குச் செல்வான். ஈழத்து நீர்கொழும்புக் கழியிலும் இதனையொத்த முறை உண்டு. உத்திரமேரூர்க் கல்வெட்டின் குடவோலையைப் புகழ்ந்து எழுதாத தமிழறிஞர் இல்லை. உயிரோடு இயங்கும் பாட்டுமுறையைப் பற்றி எழுதியவர் எத்துணைப் பேர்?

குறைகளும் உள. அவற்றை மூடிமறைப்பது தமிழ்ப்பற்று ஆகாது. ஊர்க்கூட்டத்தில் பெண்டிர்க்கு இடமில்லை; கரையில் மீனை விற்றுக் குடும்பத்தைத் தாங்குபவர் அவரே. பாட்டுரிமை பட்டினவர் குலத்துக்கே என்றிருப்பதால், அதே கழியை நம்பிவாழும் ஒடுக்கப்பட்ட மக்களும் பிறரும் புறத்தே நிற்கின்றனர். அதனால் பூசல்களும் நேர்ந்துள்ளன. பிம்மின் மன்றத்தில் வாக்கு நிலமுடையார்க்கே இருந்தது என்று அவரை இடித்துரைக்கும் தகுதி, இக்குறையை நீக்கிய பின்னரே தமிழர்க்கு முழுதாக வாய்க்கும்.

இற்றைச் சிக்கலுக்கு வருக. கழியின் வடபால் சிறீஅரிக்கோட்டைத் தீவினை ஏவுகணைத் தளத்துக்கென 1969 இல் தெரிந்தெடுத்து, அங்கு வாழ்ந்தாரை வெளியேற்றினர். ஏவும் நாளில் கடலுக்குச் செல்லலாகாது என்று இன்றும் அறிவிப்பு வரும். தென்பால் எண்ணூரில் அனல்மின் நிலையங்கள். 2001 இல் திறந்த துறைமுகம். அதனை அடுத்து 2012 இல் காட்டுப்பள்ளித் துறைமுகம். அதற்காகக் காட்டுப்பள்ளிக் குப்பத்து மக்கள் தம் இடத்தைவிட்டுப் பெயர்க்கப்பட்டனர். 2018 இல் அத்துறைமுகம் அதானிக் குழுமத்தின் கைக்கு மாறியது. ஏறத்தாழ 330 ஏக்கர் அளவினதான அதனை 6,110 ஏக்கராக விரிக்கும் திட்டம் முன்வைக்கப்பட்டது. அதில் ஒரு பெரும்பகுதி கடலைத் தூர்த்துப் பெறும் நிலம். மக்கள் கருத்துக்கேட்பு 2021 சனவரி 22 ஆம் நாள் என்று குறித்துத் தள்ளிவைத்தனர். மீண்டும் 2023 செப்பிடம்பர் 5 என்று குறித்து அதனையும் தள்ளிவைத்தனர். குப்பங்களின் எதிர்ப்பு அத்துணை வலியது.

மீனவர் அஞ்சுவதற்குக் கரணியம் உண்டு. சோழமண்டலக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகரும். கடலுக்குள் கல்லணை நீட்டினால் தென்புறம் மணல் சேரும். வடபுறம் கரை அரியும். சென்னைத் துறைமுகம் கட்டியபின் தெற்கே மெரினாக் கடற்கரை அகன்றதும், வடக்கே இராயபுரம் கரைந்ததும் இதனால்தான். ஒன்றரை நூற்றாண்டாக எவரும் கண்கூடாகக் காணும் செய்தி இது. காட்டுப்பள்ளிக்கு வடக்கே இருப்பது என்ன? கயிறு போன்ற அம்மணல்திட்டு. அது அறுந்தால் கடலும் கழியும் ஒன்றாகும். கழியின் உவர்ப்பு மாறும். இறால் குஞ்சு வளரும் தொட்டில் அழியும். முகத்துவாரம் என்று மீனவர் வழங்கும் கழிவாய் ஏற்கெனவே மணலால் தூர்ந்து தூர்ந்து திறக்கும் நிலையில் உள்ளது. வாய் அடைத்தால் தோணி கடலுக்குப் போகாது. மீன் கழிக்கு வராது.

இவற்றையெல்லாம் மீனவர் தம் மொழியில் அறிவர். வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றுக்குப் பெயர் வைத்திருப்பவர். கரைநெடுக ஓடும் நீரோட்டங்களை வன்னி, தெண்டி என்று பிரித்தறிபவர். தனித்தமிழ்ச் சொல்லாக்கம் செய்வோர் அகரமுதலிகளில் தேடித் தேடி இளைக்கும் அறிவியற் சொற்கள், இக்குப்பங்களில் வலையுணக்கும் முதியோர் நாவில் தவழ்கின்றன. ஆனால் அவர்தம் கரையின் வாழ்வையும் சாவையும் தீர்க்கும் அறிக்கை எம்மொழியில் எழுதப்படுகின்றது? 2006 ஆம் ஆண்டின் நடுவண் அரசு அறிவிக்கையின்படி, சூழல் தாக்க மதிப்பீட்டறிக்கையின் சுருக்கம் மட்டுமே மாநில மொழியில் தரப்பட வேண்டும். முழு அறிக்கையும் ஆங்கிலத்தில் இருந்தாற் போதும். அலைகணக்கும் மணல்கணக்கும் மீன்கணக்கும் முழு அறிக்கையில். 'பெருந்தீங்கு நேராது' என்னும் முடிவு சுருக்கத்தில். கணக்கைக் காட்டாமல் விடையை மட்டும் காட்டிக் கருத்துச் சொல் என்றால், எதன்மேல் கருத்துச் சொல்வது?

2020 இல் அவ்வறிவிக்கையை மாற்றப் புதிய வரைவு ஒன்றை நடுவண் அரசு வெளியிட்டது, ஆங்கிலத்திலும் இந்தியிலும்தாம். எட்டாம் அட்டவணை மொழிகள் அனைத்திலும் அதனைப் பெயர்த்து வெளியிடுக என்று தில்லி உயர்முறைமன்றம் அவ்வாண்டு சூன் 30 இல் ஆணையிட்டது. பெயர்த்துத் தந்திருந்தால் முடிந்திருக்கும். அவ்வாறு செய்யாமல், பெயர்க்க வேண்டுவதில்லை என்று வழக்காட உச்சமுறைமன்றம்வரை சென்றது அரசு. மக்களுக்கு அவர்தம் மொழியில் சொல்லாதிருப்பதற்காக மக்கள் வரிப்பணத்திலேயே வழக்கு! பிம் இருந்திருந்தால் தம் குறைப்பட்டியலில் இதனையும் ஓர் எண்ணிட்டுச் சேர்த்திருப்பார்.

தமிழ் வெளியீடுகளுக்குத் தமிழ்நாட்டில் வரலாறு இல்லாமல் இல்லை. 1933 இல் 'குடிஅரசு' இதழில் எழுதிய கட்டுரைக்காகப் பெரியார் சிறை சென்றார். இந்தி எதிர்ப்பெழுத்துக்காகத் 'தென்மொழி' ஆசிரியர் பெருஞ்சித்திரனார் சிறை சென்றார். இலண்டனில் காதறுத்த கை எக்காலத்தும் எந்நாட்டிலும் ஒரு கைதான். குறை எங்குள்ளது எனில், அவ்வெளியீடுகள் நகரத்துப் படிப்பகங்கள்வரை சென்றன. குப்பத்து வலைக்கூடம்வரை செல்லவில்லை. தூய தமிழ் எழுதுவோர் மீனவர்க்கென்று ஒரு தாள் எழுதினாரா? 'நீர்த்துறை நிலஞ்சார் ஒழுங்குவரையறை' என்று கல்லுடைக்கும் தமிழ் எழுதி, அதனைத் தூய்மை என்று பெருமை பேசுவாரும் உளர். ஆங்கிலத்தின் இருளுக்கு மாற்றாகத் தமிழிலேயே ஓர் இருளைப் படைத்தல் எவர்க்கு உதவும்? தூய தமிழ் வேறு, தொடமுடியாத தமிழ் வேறு. பாடு, தலைக்கட்டு, கழிவாய் என்னும் சொற்களால் எழுதினால் அது தூய்மைக்குத் தூய்மையும் ஆகும். தெளிவுக்குத் தெளிவும் ஆகும்.

ஆகவே தமிழக அரசு செய்யத்தக்கது ஒன்று உண்டு. அதற்குத் தில்லியின் இசைவு வேண்டுவதில்லை. பழவேற்காட்டுக் கழியையோ அதன் கரையையோ தொடும் எத்திட்டம் எப்பொழுது வரினும், முழு மதிப்பீட்டறிக்கையும் படங்களும் கணக்குகளும் தமிழில் வந்தாலன்றிக் கருத்துக்கேட்புக்கு நாள் குறிப்பதில்லை என்று ஆணை பிறப்பித்தல் வேண்டும். கருத்துக்கேட்புக்கு முப்பது நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்பது இன்றுள்ள நெறி. அம் முப்பது நாளும் ஆங்கிலக் கட்டினைப் புரட்டிப் பொருள் தேடுவதற்கன்று. ஊர்க்கூட்டத்தில் பக்கம் பக்கமாகப் படித்துக் கேள்விகளை எழுதுவதற்கு. பேசுவோர் சொல் ஒவ்வொன்றும் தமிழிலேயே பதியப்பட்டு, படித்துக்காட்டப்பட்டு, அதன் படி ஊர்க்கு அளிக்கப்படல் வேண்டும். ஆங்கிலத்தில் பெயர்ப்பது தில்லியின் வேலை. குப்பத்தின் வேலை அன்று.

தனித்தமிழ் மன்றங்கள் செய்யத்தக்கதும் உண்டு. திருவள்ளூர் மாவட்டத்துப் புலவரும் ஆசிரியரும் மாணவரும் கூடி, 2006 அறிவிக்கையின் கருத்துக்கேட்புப் பகுதியை மீனவர் சொற்களிலேயே எட்டுப் பக்கச் சிறுநூலாக எழுதி, பெரிய எழுத்தில் அச்சிட்டு, தலைக்கட்டுக்கு ஒன்றாகக் குப்பந்தோறும் கொண்டுசெல்லலாம். எழுதியதை முதலில் கரையில் ஒரு மூதாட்டியிடமும் தோணியில் ஓர் இளைஞனிடமும் படித்துக்காட்டி, அவர்க்கு விளங்காத சொல்லை அடித்துவிட்டு, அவர் சொல்லும் சொல்லை இட்டபின் அச்சுக்குக் கொடுக்க வேண்டும்.